கடலோர நினைவுச் சாலை

ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்களில் இரு வகையினர் உண்டு. போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்பவர் ஒரு வகை. போகும் வழியைப் பார்ப்பவர் மற்றொரு வகை. நான் நெடுங்காலம் முதல் வகையைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். ரயிலில் ஏறினால் உறங்கிவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் புத்தகத்தை விரிப்பேன். "ஊர் வந்ததும் எழுப்புங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவைப்பேன். வழி என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே கிடக்கும் வெறும் தொலைவு என்பதே என் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றிய ஒருநாட் பயணத்தைப் பற்றி இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில் விக்டோரியா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் மெல்போர்ன். அந்நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் டார்க்கி என்னும் கடற்கரை ஊர் வரும். அங்கே தொடங்கி, ஆலன்ஸ்போர்டு என்னும் சிற்றூர் வரையில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் சாலைக்குக் 'கிரேட் ஓஷன் ரோடு' என்று பெயர். தமிழில் பெருங்கடற் சாலை எனலாம். உலகில் உள்ள அழகிய கடலோரச் சாலைகளில் அதுவும் ஒன்று என்று எல்லோரும் சொல்லுவார்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நான் மெல்போர்னுக்குச் சென்றிருந்தபோது, அங்கே குடியேறிவிட்ட என் கல்லூரித் தோழர் ஒருவர் அச்சாலையில் என்னை அழைத்துச் செல்ல முன்வந்தார். நண்பர் சாலைப் பொறியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். சாலையின் முடிவில், கடலுக்குள் பன்னிரண்டு பாறைத் தூண்கள் நிற்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. சாலையைப் பற்றி எனக்கு ஓர் ஆசையும் இல்லை.

காலையில் வாசலுக்கு வந்த வண்டியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றின. இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. எம்.ஜி.பி. என்று பெயர். 1962-இல் இங்கிலாந்தில் அந்த இனம் வெளிவந்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவிலும் சில ஆண்டுகள் அதைப் பூட்டிச் சேர்த்தார்கள். நண்பருடைய வண்டி அவ்வாறு உருவானது. வயது ஐம்பதுக்கு மேல். வண்டிக்குக் கூரை கிடையாது. கிடையாது என்று சொல்வது தவறு. மடக்கி வைத்த துணிக்கூரை ஒன்று இருக்கைக்குப் பின்னால் இருந்தது. மழை வந்தாலன்றி அதை விரிப்பதில்லை என்பது நண்பரின் விரதம்.

உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். 'ஏறி' என்று எழுத முடியவில்லை. தரையில் பாய் விரித்து, அதில் காலை நீட்டி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கையைத் தொங்கவிட்டால் சாலையைத் தொட்டுவிடலாம் போலும்! நண்பர் ஒரு கம்பளிக் குல்லாயையும் கனத்த கோட்டையும் என்னிடம் நீட்டினார்.

"கூரையைப் போட்டுவிட்டால் இந்த வேடமெல்லாம் வேண்டாமே?" என்றேன்.

"கூரையைப் போட்டுக்கொண்டு போவதற்கு நம் வீட்டுக் கார் இருக்கிறதே! இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்" என்றார் அவர்.

டார்க்கி வரும்வரையில் நான் பொறுத்துக்கொண்டேனே தவிர மகிழவில்லை. திறந்த வண்டியில் காற்று முன்னாலிருந்து வருவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் மேல் ஏறிக் கடந்து, பின்புறமாகச் சுழன்று வந்து பிடரியில் அடிக்கிறது. காலடியிலோ எஞ்சினின் வெப்பம். மார்புக்கு மேலே மார்கழி, முழங்காலுக்குக் கீழே சித்திரை! பேச வேண்டுமானால் உரக்கக் கத்த வேண்டும். பெரிய லாரி ஒன்று கடந்துபோனால், அதன் சக்கரங்கள் நம் தலைக்கு நேராகச் சுழல்கின்றன.

ஆனால், டார்க்கியைத் தாண்டிச் சற்று நேரத்தில் வேறொன்றையும் உணரத் தொடங்கினேன். மூடிய காரில் செல்பவனுக்குக் கண் ஒன்றுக்குத்தான் வேலை. சன்னல் கண்ணாடிக்கு அப்பால் ஊர்கள் சினிமாத் திரையில் ஓடுவதுபோல் ஓடும். இங்கே ஐம்புலன்களில் நான்கிற்காவது வேலை இருந்தது. வளைவு திரும்பிக் கடல் கண்ணில் படுவதற்கு முன்னமே, உப்பும் பாசியும் கலந்த வாடை மூக்கில் படும். உடனே அலையின் முழக்கம். அதன் பிறகுதான் கடலே தெரியும். நிழலுக்குள் நுழைந்தால் உடல் அறியும். வெயிலுக்குள் வந்தாலும் உடல் அறியும். சாலை மேட்டில் ஏறுகிறதா, பள்ளத்தில் இறங்குகிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். உறங்குவதற்கு வழியே இல்லை.

இவ்வாறு சென்று, ஆங்கிள்ஸீ, ஏரீஸ் இன்லெட் என்னும் ஊர்களைக் கடந்தோம். ஏரீஸ் இன்லெட்டில் 1891-ஆம் ஆண்டில் எழுப்பிய வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் குன்றின்மேல் நிற்கிறது. அதற்கு அப்பால், ஈஸ்டர்ன் வியூ என்னும் இடத்தில் சாலையின் குறுக்கே மரத்தாலான ஒரு தோரண வாயில் வந்தது. நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வாயிலின் அருகில் வெண்கலத்தில் வார்த்த இரு மனிதர்கள், கையில் கருவிகளுடன் நின்றுகொண்டிருந்தார்கள். அரசரோ அமைச்சரோ அல்லர்; சாலை போட்ட கூலியாட்கள்.

"இந்தச் சாலை என்ன என்று உனக்குத் தெரியுமா? இது சாலை அன்று; ஒரு நினைவுச் சின்னம்" என்றார் நண்பர். அவர் அங்கே எனக்குச் சொன்ன வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சங்கூட இல்லை. அந்தச் சிறு மக்கள்தொகையிலிருந்து நான்கு லட்சம் பேருக்கு மேல் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60,000 பேர் திரும்பி வரவே இல்லை. திரும்பி வந்தவர்களோ வேலையின்றி நின்றார்கள். பலர் உள்ளம் உடைந்தும் நின்றார்கள். அவர்களுக்கு உழைப்பையும் ஊதியத்தையும் தர வேண்டும். இறந்துபோன தோழர்களுக்கு நினைவுச் சின்னமும் எழுப்ப வேண்டும். இவ்விரண்டையும் ஒரே செயலால் முடிக்க முடியுமா? முடியும் என்றார், அம்மாநிலத்தின் நாட்டுப்புறச் சாலை வாரியத்துக்குத் தலைவராயிருந்த வில்லியம் கால்டர். அந்நாளில் இக்கடற்கரை ஊர்களுக்கு நல்ல வழி கிடையாது; காட்டுத் தடத்தில் குதிரை வண்டியில் வரவேண்டும், அல்லது கப்பலில் வரவேண்டும். ஜீலாங் நகரின் மேயராக இருந்த ஹோவர்டு ஹிட்ச்காக் ஓர் அறக்கட்டளையை அமைத்துப் பணம் திரட்டினார். தம் சொந்தப் பணத்திலிருந்து 3,000 பவுன் கொடுத்தார்.

1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் வேலை தொடங்கியது. போரிலிருந்து மீண்டவர்கள் ஏறத்தாழ 3,000 பேர் அதில் உழைத்தார்கள். இன்று நாம் காணும் ராட்சத இயந்திரங்கள் அன்று இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, பிக்காசு, தள்ளுவண்டி, பாறையைப் பிளக்க வெடிமருந்து, இவைதாம் கருவிகள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. கூலி பத்தரை ஷில்லிங். காட்டுச் சரிவில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மாலையில் பொழுதுபோக்க ஒரு பியானோவும் கிராமபோன் பெட்டியும் செய்தித்தாள்களும் இருந்தன. பீரங்கி வெடிகளின் நடுவே நான்கு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள், இங்கே மீண்டும் வெடியோசையின் நடுவிலேயே வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். செங்குத்தான பாறைகளில் வேலை செய்தபோது சிலர் உயிரிழந்தனர்.

ஈஸ்டர்ன் வியூவிலிருந்து லார்ன் வரையிலான பகுதி 1922-இல் திறக்கப்பட்டது. செலவை ஈடுகட்டச் சுங்கம் வாங்கினார்கள். 1936-இல் சாலை அரசாங்கத்தின் வசம் வந்தபோது சுங்கமும் நின்றது. முழுச் சாலையும் 1932-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முறைப்படி திறக்கப்பட்டது. ஆனால் ஹிட்ச்காக் அவ்விழாவைக் காண இல்லை. சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர் காலமாகியிருந்தார். அவருடைய மோட்டார் வண்டியை ஊர்வலத்தில் ஆளுநர் பொறுப்பில் இருந்தவரின் வண்டிக்குப் பின்னால் ஓட்டிச் சென்றார்கள். சாலை முழுவதுமே இறந்த வீரர்களுக்கான நினைவுச் சின்னம். கல்லில் செதுக்கி ஓரிடத்தில் நட்டுவைக்காமல், மக்கள் நடமாடும் வழியாகவே அமைத்த நினைவுச் சின்னம் இது. 2011-இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் இதனைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றையெல்லாம் கேட்டேன், தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என் மனம் கைக்கடிகாரத்தில் இருந்தது. பகற்பொழுது போவதற்குள் பன்னிரண்டு பாறைகளைப் பார்க்க வேண்டுமே!

லார்ன் ஊரைக் கடந்ததும் சாலையின் இயல்பே மாறியது. ஓட்வே மலைத்தொடர் அங்கே நேராகக் கடலில் வந்து இறங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையில் சமநிலம் ஒரு முழங்கூட இல்லை. மலையின் இடுப்பில் ஒரு வரிக்கோடு கிழித்ததுபோல் சாலையை வெட்டியிருக்கிறார்கள். வலப்புறம் வெட்டிய பாறைச்சுவர். இடப்புறம் தாழ்வான தடுப்பு. அதற்குக் கீழே கடல். அந்நாட்டிலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்பக்கம் செல்கின்றன. ஆதலால் மேற்கே செல்பவனுக்குக் கடலோரமான பாதை கிடைக்கிறது. இடப்புற இருக்கையில் இருந்த எனக்கும் கடலுக்கும் இடையே ஒரு கதவும் சில அடி மண்ணுந்தான். கடலின் நிறம் ஒவ்வொரு வளைவிலும் மாறியது: ஓரிடத்தில் பச்சைக் கண்ணாடி, ஓரிடத்தில் மயிற்கழுத்து, பாறையடியில் தயிர் கடைந்த நுரை.

நண்பர் மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். எனக்குப் பொறுமை கழன்றது.

"ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாய், மாட்டுவண்டிபோல் ஓட்டுகிறாயே! சற்று வேகமாகத்தான் போயேன்" என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. அடுத்த வளைவை நெருங்கியபோது அவருடைய முகம் திடீரென்று மாறியது. காலைப் பிரேக்கில் வைத்தார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. முன்னால் வெறுஞ் சாலைதான் தெரிந்தது. மறுகணம், வளைவின் மறைவிலிருந்து ஒரு பெரிய கார் வெளிப்பட்டது. அது வந்தது எங்கள் பக்கத்தில்! வலப்பக்கம் வண்டியோட்டும் நாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு சுற்றுலாப் பயணி போலும். பழக்கத்தால் பக்கம் மாறிவிட்டார். நண்பர் வண்டியைத் தடுப்பை ஒட்டி இழுத்தார். சரளைக்கற்கள் சக்கரத்தின் கீழ் சிதறும் ஓசை கேட்டது. எதிரே வந்தவரும் விழித்துக்கொண்டு திருப்பினார். இரு வண்டிகளும் ஒரு சாண் இடைவெளியில் கடந்தன. கூரையில்லாத வண்டியில் இருந்ததால், எதிரே வந்தவரின் வெளுத்த முகத்தை நான் கை நீட்டித் தொட்டிருக்கலாம். அவ்வளவு அருகில் கண்டேன்.

சற்றுத் தொலைவில் வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்கு அமைத்த இடம் ஒன்று இருந்தது. அங்கே நிறுத்தினோம். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அலை பாறையில் மோதுவதும், பின்வாங்குவதும், மறுபடி மோதுவதுமாக இருந்தது. என் கைகள் நடுங்கின.

"வருவது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"கேட்டது. சக்கரம் உருளும் ஓசை பாறைச்சுவரில் பட்டு எதிரொலித்தது. மூடிய வண்டியில் இருந்தால் எனக்கும் கேட்டிராது" என்றார்.

பிறகு அவர் தாமாகவே ஒன்றைச் சொன்னார். அத்தனை ஆண்டு நட்பில் ஒருமுறையும் அவர் சொல்லாத செய்தி அது. அவர் இளம் பொறியாளராக நம் நாட்டில் வேலை பார்த்தபோது, ஒரு மலைச்சாலையை அகலப்படுத்தும் பணி அவர் மேற்பார்வையில் நடந்ததாம். ஒருநாள் மாலை, பொழுது சாய்வதற்குள் இன்னும் ஒரு வெடி வைத்துவிடலாம் என்று வேலையை விரைவுபடுத்தியிருக்கிறார்கள். தளர்ந்திருந்த பாறை ஒன்று சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். சாலை முடிந்தது, திறப்பு விழா நடந்தது, திறந்து வைத்தவரின் பெயரைப் பளிங்கில் பொறித்தார்கள்.

"இறந்தவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. விரைவுபடுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன்" என்றார் நண்பர். பிறகு அந்தத் தொழிலாளியின் பெயரை ஒருமுறை சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பெயர் அவர் நாவில் இருந்தது.

நான் என்ன மறுமொழி கூற முடியும்? அவர் எஞ்சினை முடுக்கினார். அதன்பிறகு அன்று முழுவதும் வேகத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முதன்முறையாகச் சாலையைப் பார்க்கத் தொடங்கினேன். பாறைச்சுவரைப் பார்த்தேன். எந்தக் கையோ பிடித்த பிக்காசுதானே இந்த மலையை முதலில் பிளந்தது? இந்த வளைவை வெட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும்? எவர் இங்கே நின்று, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதே கடலைப் பார்த்திருப்பார்? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

வழியில் வை ரிவர் என்னும் சிற்றூர் வந்தது. 2015-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் காட்டுத் தீ இறங்கி, இவ்வூரிலும் அடுத்த ஊரிலுமாக 116 வீடுகளை எரித்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பதே ஆறுதல். மரங்கள் எரிந்ததால் மண்ணின் பிடிப்புத் தளர்ந்து, மறு ஆண்டு மழையில் சாலையின் மேல் சரிந்தது. மலையைக் குடைந்து அமைத்த சாலையை ஒருமுறை போட்டால் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் காக்க வேண்டும் என்றார் பொறியாளர் நண்பர்.

அதற்கப்பால் கென்னட் ரிவரில், யூகலிப்டஸ் மரக்கிளையின் கவட்டில் ஒரு கோவாலா உறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க நாங்கள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, கழுத்தை நிமிர்த்தினோம், கண்டோம். கூரையில்லாமையின் பயன் அன்று எனக்கு இரண்டாம் முறையாக விளங்கியது!

அடுத்து வந்தது கேப் பேட்டன் முனை. அங்கே நண்பர் ஒரு வேடிக்கையைச் சொன்னார். 1924-இல் 'கேசினோ' என்ற நீராவிக் கப்பல் அம்முனைக்கு அருகில் பாறையில் தட்டி நின்றது. பாரத்தைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். அவை எங்கே வந்து ஒதுங்கும்? சாலை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களின் முன்னிலையில்தான்! இரண்டு வாரம் சாலை வேலை நடக்கவில்லையாம்.

இருவரும் சிரித்தோம். ஆனால் அக்கதைக்கு ஒரு முடிவும் உண்டு. அதே 'கேசினோ' கப்பல் 1932-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நாங்கள் அடுத்து உணவருந்தப் போகும் அப்போலோ விரிகுடாவில் மூழ்கியது. கப்பல் தலைவர் உள்ளிட்டுப் பத்துப் பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் சாலை முழுவதும் திறக்கப்பட்டது. அக்கடற்கரை மக்களுக்குப் பல்லாண்டு சரக்குச் சுமந்த கப்பல், சாலை முழுமை பெற்ற ஆண்டிலேயே மறைந்தது. கடல்வழியின் காலம் முடிந்து, நிலவழியின் காலம் தொடங்கியதைக் காட்ட இதைவிட ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமா?

அப்போலோ விரிகுடாவில் பகலுணவை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். அங்கிருந்து சாலை கடலை விட்டு விலகி, ஓட்வே காட்டுக்குள் நுழைகிறது. சூரியனே தெரியாத அடர்ந்த காடு. மரம்போல் வளரும் பெரணிகள் குடை விரித்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, 'மவுண்டன் ஆஷ்' என்னும் யூகலிப்டஸ் மரங்கள் வானை முட்டுகின்றன. பூக்கும் மரங்களில் உலகிலேயே மிக உயர்ந்த இனங்களுள் அதுவும் ஒன்று. காற்றில் தைல வாடை நிறைந்திருந்தது. கண்ணை மூடினேன், உதகமண்டலம்! வியப்பில்லை. நீலகிரியில் நாம் தைலமரம் என்று அழைக்கிறோமே, அதன் தாயகம் விக்டோரியாவின் தென்பகுதியும், கடலுக்கு அப்பாலுள்ள டாஸ்மேனியாத் தீவுமே ஆகும். வெள்ளையர் அதை நம் மலைக்குக் கொண்டுவந்தனர்.

அவர்கள் இங்கே வந்தபோது இக்காடு ஆளற்றுக் கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடபனுட் என்னும் தொல்குடி மக்கள் இக்காட்டிலும் கடற்கரையிலும் வாழ்ந்துவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியேறியபோது அம்மக்கள் பெரிதும் அழிந்தனர். சாலை வெட்டியவர்களுக்குத் தோரண வாயில் உண்டு. அவர்களுக்கு முன்னே இங்கே தடம் பதித்து நடந்தவர்களுக்கு அத்தகைய வாயில் எதையும் நான் வழியில் காணவில்லை.

காட்டின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. நண்பரின் விரதம் கலைந்தது. துணிக்கூரையை விரிப்பது எளிய செயல் அன்று. கம்பிகளை நிமிர்த்த வேண்டும். துணியை இழுக்க வேண்டும். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கை ஒன்று பிடித்தால் மற்றொன்று நழுவும். கூரை முழுதும் மாட்டி முடிந்தபோது எங்கள் மேல் நனைய வேண்டியவை எல்லாம் நனைந்திருந்தன; மழையும் நின்றுவிட்டது.

கூரை மூடிய வண்டியில் சிறிது தூரம் சென்றோம். உள்ளே இதமாகத்தான் இருந்தது. ஆனால் காட்டின் வாடை போய்விட்டது. பறவை ஒலி போய்விட்டது. சிறிய பிளாஸ்டிக் சன்னல் வழியே பச்சை நிறம் மட்டும் ஓடியது. காலையில் குளிருக்கு அஞ்சிய நான், என்னை அறியாமலே, "கூரையை எடுத்துவிடலாமே" என்றேன். நண்பர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தினார்.

மாலையில் மீண்டும் கடல் வந்தது. மலை முடிந்து சமவெளி தொடங்கிவிட்டது. சமவெளி திடீரென்று கத்தியால் வெட்டினாற்போல் முடிந்து, செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அக்கரையை ஒட்டிக் கடலுக்குள் நிற்பவைதாம் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' என்னும் பாறைத் தூண்கள். ஏசுநாதரின் பன்னிரண்டு சீடர்களின் நினைவாக வந்த பெயர். முன்னாளில் 'தாய்ப்பன்றியும் குட்டிகளும்' என்று அவற்றை அழைத்தார்களாம்!

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இல்லை. "எப்போதுமே பன்னிரண்டு இருந்ததில்லை" என்றார் நண்பர். ஒன்பது இருந்தன, 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒன்று இடிந்து விழுந்தது, இப்போது எஞ்சியவை எட்டு. அவை சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. பல லட்சம் ஆண்டுகளாகக் கடலடியில் சிப்பிகளும் கூடுகளும் படிந்து இறுகியவை. தென்பெருங்கடலின் அலை அந்த மெல்லிய கல்லை ஓயாமல் அரிக்கிறது. முதலில் குகையைக் குடையும். முனையின் இருபுறமும் குடைந்த குகைகள் சந்தித்தால் வளைவு ஆகும். வளைவின் மேற்பகுதி விழுந்தால் தூண் தனித்து நிற்கும். ஒருநாள் தூணும் விழும். சற்று மேற்கே 'லண்டன் பாலம்' என்று ஒரு பாறை வளைவு இருந்தது. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், இருவர் அதன்மேல் நடந்து அப்பால் சென்றிருந்தபோது, கரையோடு இணைந்த பகுதி இடிந்து கடலில் விழுந்தது. தீவாகிவிட்ட பாறையில் சிக்கிய அவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

அருகிலுள்ள லாக் ஆர்டு பள்ளத்தாக்கையும் கண்டோம். இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் கடலில் வந்த 'லாக் ஆர்டு' என்னும் பாய்மரக் கப்பல், மெல்போர்னை அடைய இன்னும் சிறிது தொலைவே இருந்த நிலையில், 1878-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் விடியற்காலையில் இங்கே பாறையில் மோதியது. கப்பலில் இருந்தவர் 54 பேர், பிழைத்தவர் இருவர். டாம் பியர்ஸ் என்ற இளம் மாலுமி கரை சேர்ந்தபின், நீரில் தத்தளித்த ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணின் குரல் கேட்டு மறுபடி கடலில் நீந்திச் சென்று அவளைக் கரைக்கு இழுத்து வந்தார். பிறகு செங்குத்தான பாறைமேல் ஏறி உதவி தேடினார். நான் அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தேன். ஏறுவதற்குப் படி அமைத்திருக்கிறார்கள்; அன்று அவருக்குப் படி ஏது?

இரவு எட்டு மணிக்கு மேல்தான் அங்கே கதிரவன் மறைந்தான். பாறைத் தூண்கள் முதலில் பொன்னாகி, பிறகு செம்பாகி, பின்னர்க் கருநிழலாகிக் கடலில் நின்றன. மிக அழகிய காட்சிதான். ஆயினும், காலையில் எண்ணியபடி இதற்காக மட்டும் நான் வந்திருந்தால், பத்து நிமிடத்தில் பார்த்து முடித்திருப்பேன். அன்று அவ்வாறு பார்க்க முடியவில்லை. விழுந்துகொண்டே இருக்கும் கல், அதை அரிக்கும் அலை, அலைக்கு இரையானவர், அலைக்கு எதிரே நின்று வழி வெட்டியவர் ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்தக் காட்சி என் கண்ணில் பட்டது. அழகு இலவசமாகக் கிடைப்பதன்று. அதற்குரிய விலையை யாரோ ஒருவர் நமக்கு முன்னால் கொடுத்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் பிற்காலத்தில் நெடுந்தொலைவுகள் பயணம் செய்வீர்கள். சிலர் பொறியாளர்களாகிச் சாலைகளும் பாலங்களும் அமைப்பீர்கள். எல்லோருக்கும் கூரையில்லாத கார் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்க வேண்டிய தேவையும் இல்லை. சன்னலைத் திறந்து வைத்தாற் போதும். குளிரும் தூசியும் சற்று உள்ளே வரட்டும். அவற்றோடு நாடும் உள்ளே வரும்.

நான் ஊர் திரும்பிச் சில நாட்கள் கழித்து, ஒரு மலைச்சாலையில் பஸ்ஸில் சென்றேன். நண்பர் சொன்ன சாலை அதுவன்று. ஆனாலும் பாறையை வெட்டிய ஒவ்வோர் இடத்திலும், அவர் சொன்ன அந்தப் பெயர் என் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த இளைஞர், "நீங்கள் எந்த ஊரில் இறங்க வேண்டும்? உறங்குவதானால் உறங்குங்கள், நான் எழுப்பிவிடுகிறேன்" என்று அன்போடு கூறினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறந்தேன்.